விரல் ஆழம்

மத்தியானத்தில் வெள்ளரி பொய் சொல்லும்.
நான்காம் நம்பர் பசுமைக்குடிலில்
வரிசை வரிசையாக இலைகளைத் தொங்கவிட்டு
இதோ செத்தேன் என்று நிற்கும்.
நம்பக் கூடாது.

வஃப்ராவுக்கு வந்த முதல் மாதம் நம்பினேன்.
வால்வை முழுசாகத் திறந்துவிட்டேன்.
கறுப்புக் குழாய்க்குள் வெயில் காய்ந்து கிடந்த தண்ணீர்,
தேயிலை போட்டால் சாயம் இறங்கும், அவ்வளவு சூடு.
நாலைந்து நாளில் தண்டின் அடி பழுத்து
தொட்டதும் கையோடு வந்தது செடி,
வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு.
சப்ரி திட்டவில்லை.
பிடுங்கியதை எண்ணச் சொன்னார், அவ்வளவுதான்.
இருநூற்றுப் பதினாறு.

அன்றிலிருந்து சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன்.
வெயில் இறங்கியும் தொங்கினால் தாகம்.
நிமிர்ந்திருந்தால் நடிப்பு.

சுவரில் ஒரு டைமர் பெட்டி இருக்கிறது.
நாளுக்கு நான்கு தடவை, தடவைக்கு ஆறு நிமிஷம்.
அதற்கு மணி தெரியும்,
மண் தெரியாது.
மேலே ஈரம் மினுக்கும்; கீழே வேர்
வாயைத் திறந்துகொண்டிருக்கும்.
ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டு
எடுத்துப் பார்க்க வேண்டும்.
மணல் விரலில் ஒட்டினால் போதும்.
உதிர்ந்தால் திற.
நகக்கண்ணில் நீர் நின்றால்
நேற்றே மூடியிருக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் இங்கே உப்பு.
செடி தண்ணீரைக் குடித்துவிட்டு
உப்பைக் காலடியில் வைத்துவிட்டுப் போகும்,
அடைக்காத வட்டி மாதிரி.
ஈர வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும்.
அதனால் இடையிடையே
கேட்டதற்கு மேல் ஒரு பங்கு விட வேண்டும்,
குடிக்க இல்லை, கழுவ.
தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தே
ஒரு செடியைக் கொன்றுவிட முடியும்.

இதெல்லாம் தெரிந்தவன்தான்
ஜூலையில் விழுந்தேன்.

விசிறி பெல்ட் அறுந்த நாள்.
வெயில் நேரத்தில் வேலை கூடாதென்று தடை உண்டு.
குடிலுக்குள் நிழல்தானே என்று
நானாகத்தான் உள்ளே போனேன்.
ஏணியில் பாதி ஏறியது ஞாபகம்.
பிறகு கிளினிக்கின் கூரை.

மரிசெல் என்று சட்டையில் எழுதியிருந்தது.
என் புறங்கையைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள்.
தோல் எழுந்தது,
எழுந்தபடியே கொஞ்ச நேரம் நின்றது.
கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாய்,
என்ன நிறம் என்று கேட்டாள்.

அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து,
நரம்புக்கு நடுவே மஞ்சளென்றால் இரும்பு,
உடனே சொல்வேன்.
கேம்ப் கழிப்பறையில் கண்ணுக்கு நேரே
எட்டு மஞ்சள் கட்டம் போட்டு ஒரு தாள் உண்டு.
இரண்டு வருஷமாக அதன் முன்னால்தான் நிற்கிறேன்.
ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

பாட்டிலில் உப்புத் தண்ணீர்.
சிரிப்பு வந்தது.
வாட்சைப் பார்த்துக்கொண்டே சின்னச் சக்கரத்தை உருட்டி
சொட்டுகளை எண்ணினாள், உதடு அசைய.
வேகமாக விடுங்கள் சிஸ்டர்,
ராத்திரி ஃபில்டர் கழுவணும் என்றேன்.
ஷ்வை ஷ்வை என்றாள்.
புதுசாக வருகிறவனிடம்
வால்வின் மேல் கை வைத்து நான் சொல்கிற அதே வார்த்தை.

இரண்டு மணிக்கு மொக்லேசுர் கூப்பிட்டான்.
நாலாம் நம்பர் ரொம்ப வாடுது,
திறக்கட்டுமா?

விரலை விடு.

பேச்சில்லை. பெல்ட் மாற்றிய விசிறி
போனுக்குள் இரைந்தது.

ஒட்டுது.

அப்படியானால் தண்ணீர் விடாதே.
வெளியே வா.
நீ குடி.

குடிச்சேன் குடிச்சேன் என்றான்
அவசரமாக.
நிறம் என்ன என்று கேட்டேன்.
கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்தான்.

ஊசி ஏறிய கையில்
சில்லென்று ஒரு கோடு
முழங்கை வரை வந்திருந்தது.